பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க!

பாராட்டு விழா நடத்தாமல் எந்த நல்ல காரியத்தையும் விட்டுவைக்கிற வழக்கம் நம்மிடம் கிடையாது. ஆகவே ஹவுரா நகரத்தின் நாய், பூனை வளர்ப்போர் பெருமக்களுக்கு ஒரு விழா எடுத்தே ஆக வேண்டும் என்று இதனால் முன்மொழிகிறேன். இடம், ஹவுரா மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சரத் சதன். கங்கைக்கு அடியில் மெட்ரோ ஓட ஆரம்பித்துவிட்டதால் கொல்கத்தாப் பெருமக்களும் சிரமமில்லாமல் வந்து கைதட்டலாம். ஆளுக்கொரு பொன்னாடை, ஒரு ரஜனிகந்தா மாலை, மண்சட்டியில் ரசகுல்லா. நாய்க்கடிக்கு ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு முன்வரிசை நாற்காலி. மூன்றாவது ஊசிக்கும் நாலாவது ஊசிக்கும் நடுவில் நாள் குறித்தால் அவர்களும் தவறாமல் வருவார்கள்.

எதற்கு இந்தப் பாராட்டு என்று கேட்பவர்கள், இரவு பதினோரு மணிக்கு மேல் கதம்தலாவிலோ சல்கியாவிலோ ஒரு சந்துக்குள் நடந்து பாருங்கள். சந்துக்கு ஒரு பேட்டை, பேட்டைக்கு ஒரு தலைவர், தலைவருக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு தொண்டர்கள். இந்தக் கூட்டமெல்லாம் வானத்திலிருந்து குதித்தது என்றோ, மாநகராட்சி ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் கொண்டுவந்து இறக்கியது என்றோ நம்புகிற பெரியவர்கள் நம் அடுக்குமாடிகளில் ஏராளம். அவர்களுடைய அடக்கம் அப்படி. கேட் திறந்திருந்த ராத்திரிகளில் தங்கள் வீட்டு டைகர் வெளியே போய்ச் செய்துவிட்டு வந்த திருப்பணியை அவர்கள் சொல்லிக்கொள்வதில்லை. ஜூலி போட்ட ஆறு குட்டிகளில் ஐந்தை ஒரு விடியற்காலையில் பஜார் ஓரம் இறக்கிவிட்டு வந்த தங்கள் கொடையையும் சொல்லிக்கொள்வதில்லை. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது அல்லவா?

தெருவில் திரிகிற எல்லா நாயும் வீட்டு நாயின் வாரிசு என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவை தெருவிலேயே பிறந்து தெருவிலேயே பெருகுபவைதான். ஆனால் ஒரு பகுதியில் பத்துக்கு ஏழு நாயையாவது குறுகிய காலத்துக்குள் ஆபரேஷன் செய்து முடித்தால்தான் எண்ணிக்கை இறங்கத் தொடங்கும் என்பது இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்லும் கணக்கு. அந்த ஏழை எட்டிப்பிடிக்க ஒருபுறம் வலையும் வண்டியுமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, மறுபுறம் வீட்டுக் கதவு வழியாகப் புதுவரவு இறங்கிக்கொண்டே இருந்தால் அது ஓட்டை வாளியில் நீர் இறைக்கிற வேலை. ஓட்டை நம் வீட்டில் இருக்கிறது. வைவது மட்டும் கிணற்றை.

சரி, விருதுகளுக்கு வருவோம்.

முதல் விருது 'தாய்மைக் காவலர்'. "ஒரே ஒரு தடவை குட்டி போடட்டும் தாதா, அவளும் ஒரு பெண்தானே, தாயாகணும் என்று ஆசை இருக்காதா?" என்று கேட்கிற அத்தனை பேரும் இதைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். நாய்க்கு வளைகாப்பு ஆசை உண்டு என்று எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை. ஒரு தடவை ஈன்றால் உடம்புக்கு நல்லது என்பதற்கும் எந்த ஆதாரமும் இல்லை. இருக்கிற ஆதாரமெல்லாம் எதிர்ப்பக்கம். முதல் பருவம் வருவதற்கு முன்பே கருத்தடை செய்துவிட்டால் மடியில் கட்டி வரும் ஆபத்து அடிமட்டத்துக்குப் போகிறது. ஒவ்வொரு பருவமாகத் தள்ளிப்போடத் தள்ளிப்போட அந்த லாபம் கரைகிறது. கருத்தடை செய்யாத பெண் நாய்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கிறது என்பது ஸ்வீடனில் காப்பீடு செய்த நாய்களைக் கொண்டு எடுத்த கணக்கு. ஸ்வீடனிலேயே அப்படி.

அந்தச் சீழ் எப்படி வரும் தெரியுமா? பருவம் முடிந்து சில வாரம் கழித்து நாய் சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்காது. தண்ணீர்த் தொட்டியை விட்டு நகராது. வயிறு உப்பும். வாலுக்கடியில் ஈ மொய்க்கும். நாலு நாள் "வெயில் ஒத்துக்கலை" என்று தயிர்சாதம் போட்டுப் பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் நடுராத்திரியில் டாக்ஸி பிடித்து ஓடி, "எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை டாக்டர், இவள் எங்க வீட்டுப் பொண்ணு" என்று கதறுவார்கள். வயிற்றைத் திறந்து, ஆட்டுக்குடல் தடிமனுக்கு வீங்கி ஊதாப் பழுப்பாகிப் போன கர்ப்பப்பையை உடையாமல் இரண்டு கையாலும் தாங்கி எடுத்து டிரேயில் வைப்பார் மருத்துவர். உடைந்தால் முடிந்தது கதை. ஆரோக்கியமாகக் குதித்துக்கொண்டிருந்த ஏழாவது மாதத்தில் அதே கர்ப்பப்பையை விரற்கடை நீள வெட்டில், சில ஆயிரம் ரூபாயில் எடுத்திருக்கலாம். அப்போது சொன்னதற்கு, "ஐயோ, வாயில்லா ஜீவன் மேல கத்தியா!" என்று காதைப் பொத்திக்கொண்டவர்கள் இவர்கள்தான்.

குட்டிகள் கதைக்கு வருவோம். ஜூலிக்கு ஆறு பிறந்தன. தெரு முழுக்கப் பார்த்து, "என்ன அழகு!" என்றது. ஒன்றை மைத்துனர் எடுத்துக்கொண்டார். ஒன்றை அலுவலக நண்பர் வாங்கிப் போய், மனைவி விரட்டியதில் மறுவாரம் திருப்பிக் கொண்டுவந்தார். மிச்சம் ஐந்து. பல் முளைத்துச் செருப்பைக் கடித்த நாளில் தாய்மை உணர்ச்சி வடிந்தது. அப்புறம் ஒரு அட்டைப்பெட்டி, ஒரு விடியற்காலை, ஒரு மீன் சந்தை. "அங்கே தீனிக்குப் பஞ்சமில்லை, பிழைச்சுக்கும்."

பிழைத்துக்கொள்ளுமா? இதற்கு விடை தேட வெளிநாடு போக வேண்டாம். வங்காளத்திலேயே இருக்கிறது. கொல்கத்தா ஐசர் அறிவியல் ஆய்வு நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெரு நாய்களை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்துக் குறித்து வைத்திருக்கிறது. 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகள். இனப்பெருக்க வயதை, அதாவது ஏழாவது மாதத்தை எட்டியவை நூற்றுக்கு 19. 2016-இல் வெளியான அந்த ஆய்வின்படி, சாவுகளில் நூற்றுக்கு 63 மனிதக் கையால் நேர்ந்தவை: வண்டியில் நசுங்கியது, அடித்துக் கொன்றது, விஷம் வைத்தது, தாயிடமிருந்து தூக்கிக்கொண்டு போனது. தாய்ப்பாலோடு, தெரு அறிந்த தாயின் காவலோடு பிறந்த குட்டிகளின் கதியே இது. தாயைப் பிரித்து அட்டைப்பெட்டியில் வந்து இறங்கிய ஜூலியின் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கதியா வாய்க்கும்? ஆசீர்வாதம் பண்ணி அனுப்பிய ஐந்தில் நாலு, ஏழாவது மாதத்தைப் பார்ப்பதற்குள் ரோட்டோடு ரோடாகியிருக்கும். தாய்மைக் காவலரே, பொன்னாடையை வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது 'ஆண்மைக் காவலர்'. இது ஆண்களுக்கு மட்டும். மூன்றாம் மாடியில் ஒரு பாபு. வெள்ளை ஸ்பிட்ஸ் ஒன்று வைத்திருக்கிறார். ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கை தன்னையறியாமல் வேட்டி முடிச்சுக்குப் போனது. "பேட்டாசேலே, தாதா! ஆண்பிள்ளை! அவனைப் போய்..." தொண்டை அடைத்துக்கொண்டது. நாயோ ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு ஆண்மை என்று ஒரு கௌரவம் இருப்பதே தெரியாது. வங்காளத்துப் பாத்ரோ மாதம் பிறந்தால் எங்கிருந்தோ ஒரு வாசனை வரும், சுவரேறிக் குதிக்கும், மூன்று நாள் சோறு தண்ணியில்லாமல் அலையும், பத்து நாயோடு கடிபட்டுக் காது கிழிந்து திரும்பும். நம்மூரில் மார்கழி மாத நாய் என்று ஏசுவதுபோல் இங்கே பாத்ரோ மாதத்து நாய் என்று ஏசுவார்கள். அந்த அலைச்சலில் ஒட்டிக்கொள்கிற இனச்சேர்க்கைப் புற்றுக்கட்டி நம் தெரு நாய்களிடையே சர்வசாதாரணம். வீட்டு ஆண்பிள்ளையும் அதை வாங்கிக்கொண்டு வரும். அது அனுபவிக்கிறது என்று பாபு நினைக்கிறார். அது அவதிப்படுகிறது.

இந்த ஆண்மைப் பாசத்தின் வேர் நாயில் இல்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வைப் புரட்டுங்கள். கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்கள் நூற்றுக்கு 37.9. ஆண்கள் 0.3. ஆணுக்கு அது கால்மணி நேர வேலை, பெண்ணுக்கு வயிற்றைத் திறக்கிற வேலை. 1976-இல் ஆண்களைப் பிடித்துக் கட்டாயமாகக் கத்தி வைத்த அரசாங்கம் 1977 தேர்தலில் மண்ணைக் கவ்வியது. அன்றிலிருந்து எந்தக் கட்சிக்கும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கத் துணிவில்லை. மனைவியின் வயிற்றைக் கண்ணிமைக்காமல் கத்திக்குக் கொடுத்தவர், நாயின் விரைக்காகக் கண் கலங்குகிறார். அதே பாபுவின் தாத்தா உழவு மாட்டுக்குக் காயடித்தவர்தான்; மயக்க மருந்துகூட இல்லாமல், நாலு பேர் அமுக்கிப் பிடிக்க. அந்த மாடு ஏரை இழுத்தது, கேள்வி எழவில்லை. ஸ்பிட்ஸ் ஏர் இழுப்பதில்லை. அது பாபுவின் மீசையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது விருது பூனைக்காரர்களுக்கு. பெயர், 'அக்கரைச் செல்வர்'. பூனையை ஆற்றுக்கு அக்கரையில் விட்டால் திரும்பி வராது என்பது வங்காளத்துக் குடும்ப ஞானம். ஹவுராவுக்கு ஆறு வாசலிலேயே ஓடுகிறது. ஒரு மாலை பாபுகாட் போகிற லஞ்சுப் படகில் பக்கத்தில் ஒருவர் நின்றார். சலவை செய்த பஞ்சாபிக் குர்தா, கையில் நைலான் சந்தைப் பை. பையின் வாயைத் திரைச்சீலைக் கயிற்றால் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தார். பையின் அடிப்பகுதி ஒருபக்கம் புடைத்து, அடங்கி, மறுபக்கம் புடைத்தது. கோடு போட்ட நைலான் இடுக்கில் ஒரு சின்ன நகம் மாட்டிக்கொண்டு விடுபடாமல் துடித்தது. உள்ளேயிருந்து 'மியா' என்ற சத்தம் எஞ்சின் சத்தத்துக்கும் மேலே வந்தது. லஞ்சில் அத்தனை பேருக்கும் திடீரென்று பாலத்தின் அழகு கண்ணில் பட்டுவிட்டது. பெஞ்சில் இருந்த ஒரு மாஷிமா (பெரியம்மா) மட்டும் பையைப் பார்த்து, கையைத் தூக்கி நெற்றியில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

கும்பிட்டது ஏனென்றால், இங்கே சஷ்டி என்பவள் ஒரு தாய்த் தெய்வம். நம்மூரில் சஷ்டி முருகனுக்கு விரத நாள். வங்காளத்து மா சஷ்டி பிள்ளை வரம் தருபவள், பிள்ளைகளைக் காப்பவள், வாகனம் பூனை. திருடித் தின்றுவிட்டுப் பழியைப் பூனை மேல் போட்ட மருமகளின் விரதக்கதை எல்லா வீட்டுக்கும் தெரியும். அவள் பெற்ற பிள்ளைகளையெல்லாம் பூனை கவ்விக்கொண்டு போய்த் தேவியிடம் சேர்த்துவிட்டதாம். இன்று நடப்பது அதன் மறுபக்கம்: பூனை பெற்றதையெல்லாம் மனிதர்கள் கவ்விக்கொண்டு போகிறார்கள், அக்கரையில் எந்தத் தேவியும் காத்திருப்பதில்லை. தேவியின் வாகனத்துக்குக் கத்தி வைப்பது பாவம். பையில் கட்டி நடுத்தெருவில் உதறுவது மட்டும் பக்தி. அக்கரைக்காரர்களும் சும்மா இருப்பதில்லை. அங்கேயும் நைலான் பை விற்கிறது, அவர்களுக்கு நாம்தான் அக்கரை. பூனை நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும், ஒன்பது வாரத்தில் ஈனும், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினைப்படும். லஞ்சு கட்டணம் கட்டிக் கட்டியே அந்தக் குர்தாக்காரர் ஓர் ஆபரேஷன் செலவை ஆற்றில் விட்டிருப்பார். கணக்கில் கெட்டிக்காரர்கள் என்று பெயர் வாங்கிய ஊர்.

நாலாவது விருதுக்குச் சற்றே கனமான மாலை வேண்டும். 'பேப்பர் மாமணி'. "பேப்பர் இருக்கு, கேசிஐ பேப்பர்" என்று நாயின் சாதிச் சான்றிதழைக் காட்டிப் பேச்சைத் தொடங்கும் வீட்டு வியாபாரிகளுக்கு. படுக்கையறை ஒன்று, குளியலறை ஒன்று, லாப்ரடார் இரண்டு. வருஷத்துக்கு இரண்டு ஈற்று. வடக்குக் கொல்கத்தாவின் காலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையைப் போய்ப் பாருங்கள், கூண்டில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து தூங்கும் குட்டிகளைப் பார்த்து, "என்ன சாது!" என்பார்கள். சாது இல்லை, பசி மயக்கம். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது, வளர்ப்பாளர் மாநில வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், ஒரு பெண் நாயிடம் வருஷத்துக்கு ஒரு ஈற்றுக்கு மேல் எடுக்கக் கூடாது என்றெல்லாம் 2017-இலேயே விதி வந்தாயிற்று. விதியை யார் வெல்ல முடியும்? பேப்பர் மாமணிகள் வென்றிருக்கிறார்கள்.

இவர்களது வாடிக்கையாளர்களுக்கும் ஓர் ஓரத்தில் இடம் உண்டு. சைபீரியப் பனியில் வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கியை, வைகாசி மாத ஹவுராவில், மின்சாரம் போய்ப் போய் வரும் மூன்றாம் மாடியில் வளர்ப்பவர்கள். முடி கொட்டி, தோல் புண்ணாகி, அழகு போனதும் "சும்மா நடக்க" அழைத்துப் போவார்கள், தனியாகத் திரும்பி வருவார்கள். கர்ப்பப்பை ஓய்ந்த லாப்ரடார் தாய்க்கும் இதே நடை. மடி தரையைத் தொட, நகம் சுருண்டு வளர்ந்து, தெருவில் சோறு தேடத் தெரியாமல் ஏதாவது ஒரு கேட்டின் முன்னால் போய் உட்கார்ந்து கொள்ளும். கேட் திறக்கும்போதெல்லாம் வாலாட்டும். உள்ளேயிருந்து வருவது தண்ணீர் அடிக்கிற குழாய்.

கடைசியாக வாழ்நாள் சாதனையாளர் விருது. சந்தேகமில்லாமல் அரசுக்கு. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. வளர்த்த பிராணியைப் பட்டினி கிடந்து வாடும்படி கைவிடுவது அதில் குற்றம். முதல் தடவை மாட்டினால் அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல். பல பத்தாண்டுகளாக அதே பத்து ரூபாய். ஹவுரா ஸ்டேஷன் வாசலில் ஒரு மண்குவளை டீயும் அதே விலைதான் வரும். டீ குடிப்பதா, நாயைக் கைவிடுவதா என்று குடிமகன் தடுமாறாமல் இருக்க அரசு செய்து வைத்திருக்கும் ஏற்பாடு. 2023-இல் வந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் ஒரு வரியைத் தெளிவாகவே சொல்கின்றன: செல்லப்பிராணிக்குப் பூச்சி மருந்து, தடுப்பூசி, கருத்தடை எல்லாம் வளர்ப்பவர் பொறுப்பு. 2001 விதியிலும் ஏறக்குறைய இதேதான். பொறுப்பு என்று எழுதிவிட்டு, செய்யாவிட்டால் என்ன என்று கேட்க ஓர் ஆளை வைக்க மறந்துவிட்டார்கள்.

ஹவுராவில் ஆளுக்கு எங்கே போவது? மாநகராட்சிக்குக் கடைசியாக 2013-இல் தேர்தல் நடந்தது. 2018 டிசம்பரில் பதவிக்காலம் முடிந்தது. பாலி நகராட்சியை 2015-இல் சேர்த்துக்கொண்டு, 2021-இல் திரும்பப் பிரிக்கச் சட்டம் கொண்டுவந்து, சேர்ந்ததா பிரிந்ததா என்று தெரியாத திரிசங்கில் ஆண்டுக்கணக்காக நிர்வாகிகள் குழுவே ஆண்டது. அடைபட்ட சாக்கடைக்கே எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று மனிதர்களுக்குத் தெரியாத ஊரில் நாய்க்கு யார் கவுன்சிலர்? பெல்காச்சியா பாகாட் என்னும் குப்பைக் கிடங்கில் மலையாகக் குவித்து வைத்த குப்பை 2025 மார்ச்சில் சரிந்து, சுற்றியிருந்த வீடுகள் விரிசல் விட்டு, குடிநீர்க் குழாய் உடைந்து நகரம் தவித்தது. அந்தக் குப்பைமேடுதான் நூற்றுக்கணக்கான நாய்களுக்கு அன்னசத்திரம். சத்திரத்தைக் கட்டிக்கொடுத்தவர்களும் நாமே.

உச்ச நீதிமன்றமும் உள்ளே வந்தது. 2025 ஆகஸ்ட் 11-இல் டெல்லி வட்டாரத்துத் தெரு நாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடை என்றது. 22-ஆம் தேதி வேறொரு அமர்வு, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடு, வெறிபிடித்ததையும் மூர்க்கமானதையும் மட்டும் விடாதே என்று திருத்தியது. எல்லா மாநிலங்களையும் வழக்குக்குள் இழுத்தது. என்ன செய்தீர்கள் என்று பிரமாணப் பத்திரம் கேட்டால், பெரும்பாலான மாநிலங்கள் கிணற்றில் போட்ட கல். தலைமைச் செயலாளர்களை நேரில் வரச்சொன்னது நீதிமன்றம். தப்பித்த சில மாநிலங்களுள் மேற்கு வங்காளமும் ஒன்று. பத்திரத்தைத் தாக்கல் செய்துவிட்டது. அந்தப் பத்திரத்தைச் சட்டம் போட்டு ஒவ்வொரு சந்திலும் மாட்டினால் நாய்கள் படித்துவிட்டு ஒழுங்காக நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்கலாம்.

நவம்பர் 7-இல் அடுத்த உத்தரவு: பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையங்களிலிருந்து நாய்களை அகற்று, கருத்தடை செய்தாலும் அங்கே திரும்ப விடாதே. இருபதுக்கு மேல் பிளாட்பாரம் உள்ள ஹவுரா ஸ்டேஷனில் இதை எண்ணிப் பாருங்கள். பெரிய கடிகாரத்தடியில் சுருண்டிருக்கும் பழைய நாயைத் தூக்கிப் போன மறுவாரம், காலியான இடத்துக்கு யார் வருவார்? கருத்தடைக்கு அடையாளமான காது வெட்டு இல்லாத, ஊசி காணாத புதுமுகம். அதை அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு லோக்கல் பிடித்து வீட்டுக்குப் போகிறவர் எந்த நீதிபதியின் முன்னாலும் நின்றதில்லை. மூர்க்கமான நாயைக் கூண்டில் அடை என்று தீர்ப்பு எழுதலாம். மூர்க்கமான சோம்பேறித்தனத்தை எந்தக் காப்பகத்தில் அடைப்பது?

நாய்ப்பாசம் இந்த ஊரில் இல்லாமல் இல்லை. 2019 ஜனவரியில் கொல்கத்தா நீல் ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி வளாகத்துக் குப்பையில் பிளாஸ்டிக் பைகளில் நாய்க்குட்டிகளின் சடலங்கள் கிடந்தன. அடித்துக் கொல்லப்பட்டவை. எண்ணினார்கள், பதினாறு. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று நாம் மணமக்களை வாழ்த்துவோமே, அந்தப் பதினாறு. ஊர் கொதித்தது. ஊர்வலம், மெழுகுவத்தி, காவல் நிலைய முற்றுகை. செவிலியர் படிப்பு மாணவிகள் இரண்டு பேரைக் கைது செய்தார்கள். கொதித்தது நியாயம். அந்தக் கொடுமைக்கு எந்தச் சமாதானமும் இல்லை. ஆனால் பிளாஸ்டிக் பை வரும்வரை ஊர் எங்கே போயிருந்தது? ஒரு மருத்துவமனை வளாகத்தில் அத்தனை குட்டிகள் ஒரே பருவத்தில் பிறக்கும்வரை அவற்றின் தாய்களுக்குக் கருத்தடை செய்யவில்லையே என்று கேட்டு ஒரு மெழுகுவத்தி எரிந்ததா? செத்த குட்டிக்கு ஊர்வலம் போகத் தெரிந்த நமக்குப் பிறக்காமல் தடுக்க ஒரு சந்து தாண்டிக் கால்நடை மருத்துவமனைக்குப் போகத் தெரியவில்லை. அதில் கோஷம் இல்லை, புகைப்படம் இல்லை.

ஹவுராவைப் பார்த்துச் சென்னைக்காரர்கள் சிரிக்க வேண்டாம். மைக்ரோ சிப், உரிமம், இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025-இல் சென்னை மாநகராட்சி அறிவித்த பிறகுதான் பலருக்குத் தங்கள் வீட்டில் நாய் இருப்பதே அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டிய விஷயம் என்று புரிந்தது. கொல்வதால் குறையாது, கருத்தடையால்தான் குறையும் என்று புளூ கிராஸ் 1960-களிலிருந்து தொண்டை வறளச் சொன்ன ஊர் அது. மாநகராட்சி கேட்டுக்கொள்ள 1996 ஆயிற்று.

நியாயமான சந்தேகங்களும் உண்டு, அவற்றைக் கேலி செய்ய மாட்டேன். உடல் பெருத்த சில சாதி நாய்களுக்கு மிக இளமையில் அறுவை செய்தால் மூட்டுத் தொந்தரவு வரலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. எந்த மாதத்தில் செய்வது என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தள்ளிவைக்கலாம். அதுவரை கயிற்றையும் கேட்டையும் கவனிக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் நாய் குண்டாகும் என்பார்கள். பசி கொஞ்சம் கூடும், உண்மை. குண்டாக்குவது கத்தியல்ல, உங்கள் தட்டிலிருந்து போகிற மூன்றாவது லூச்சிப் பூரி. பணமில்லை என்பவருக்கு அரசு கால்நடை மருத்துவமனையும் தொண்டு நிறுவனங்களின் முகாம்களும் இருக்கின்றன. பணமில்லாதவரைவிட, குட்டிக்கு இருபத்தைந்தாயிரம் கொடுத்து வாங்கி, பிறந்தநாளுக்குக் கேக் வெட்டி, ஆபரேஷனுக்கு மட்டும் "யோசிக்கணும்" என்பவர்தான் எனக்கு அதிகம் தென்படுகிறார்.

இந்த யோசனைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். 2024-இல் நாட்டில் நாய்க்கடி 37 லட்சத்துக்கு மேல், ரேபிஸ் சந்தேக மரணம் 54 என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் வீடுவீடாகப் போய் எடுத்த கணக்கில், ஆண்டுக்கு ரேபிஸில் சாகிறவர்கள் 5,726 பேர். ஐயாயிரத்துச் சொச்சம் பேர் செத்தது பதிவேட்டுக்கே தெரியாது. அறிகுறி தோன்றியபின் மருந்து கிடையாது. தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகி, சாகும்வரை பெரும்பாலும் நினைவு தப்பாமல் போகிற சாவு. வெறிநாய் என்று சந்தேகப்படும் பிராணியிடம் கடிபடுகிறவர்களில் பத்துக்கு நாலு பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தெருவுக்கு வரும் ஒவ்வொரு புதுக் குட்டியும் தடுப்பூசி காணாத குட்டி. ஊசி போட்ட நாய்களின் விகிதத்தை அது ஒரு படி கீழே இறக்குகிறது.

கடிபடுவது நீங்களும் இல்லை, உங்கள் மகனும் இல்லை. அவன் பள்ளிக்கு வேனில் போகிறான். ஹவுரா பில்கானாவின் சந்தில் வெறுங்காலோடு பால் வாங்கப் போகிற குழந்தைதான் கடிபடும். காலைச் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவ வேண்டும் என்று சொல்லித்தர ஆளில்லாத வீட்டுக் குழந்தை. அதன் அப்பா அன்றைய கூலியை விட்டுவிட்டு ஊசி வரிசையில் நிற்பார். நாலு ஊசிக்கு நாலு நாள் கூலி. உங்கள் நாயின் பிரசவச் செலவை அவர் தவணை முறையில் கட்டிக்கொண்டிருக்கிறார். அவர் வளர்த்ததும் இல்லை, பெயர் வைத்ததும் இல்லை, அதோடு படம் எடுத்துக்கொண்டதும் இல்லை.

ஆகவே பாபு, மாஷிமா, பௌதி, தாதா எல்லோருக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டு நாய்க்கும் பூனைக்கும் இந்த மாதத்துக்குள் மருத்துவரிடம் தேதி கேளுங்கள். கேட்க மனமில்லை என்றால் அது உங்கள் உரிமை என்று சொல்லாதீர்கள். அடுத்தவன் பிள்ளையின் காலைப் பணயம் வைக்கும் உரிமையை உங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. அப்புறம், வலை வண்டி வருகிற நாளில் பால்கனியில் நின்று, "ஐயோ பாவம், வாயில்லா ஜீவன்" என்று உச்சுக்கொட்டவும் செய்யாதீர்கள். வண்டியை வரவழைத்தது நீங்கள்.